வீட்டுத் தொழிலை அறிமுகப்படுத்த வலையொலி உதவுமா?

செங்காங் சமையற்கட்டு

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவற்றைத் தயாரித்து விற்று வருகிறேன். ஒருவர் வாங்கி, பிடித்துப்போய், தம் நாத்தனாரிடமோ அலுவலகத் தோழியிடமோ சொல்லி, அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவது என்ற வகையில்தான் தொழில் இதுவரை நகர்ந்திருக்கிறது. இன்ஸ்டகிராமில் படம் போடுகிறேன்; ஆனால் படத்தில் என் பொடிக்கும் பேரங்காடிப் பொடிக்கும் யாராலும் வேறுபாடு காண முடியாது. பேசினால் என்னால் அந்த வேறுபாட்டை விளக்க முடியும் என்று நம்புகிறேன். எனவே தமிழில் ஒரு வலையொலி (பாட்காஸ்ட்) தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். "யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்?" என்கிறார் என் கணவர். செலவு எவ்வளவு ஆகும், எந்த விதிகளைக் கவனிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதனால் பொடி விற்குமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய வானொலி நேயர்

சகோதரி, உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கழித்து, வலையொலி கேட்கும் பழக்கமே இல்லாத என்னைப் போன்ற முதியவர்களையும் கழித்து, மீதமுள்ளவர்களில் தேக்கா சந்தையில் கிடைக்கும் பொடியை விட்டுவிட்டு வீட்டுப் பொடியைத் தேடி வருபவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். காதுக்குத் தமிழ் வேண்டும் என்பவருக்கு ஒலி 96.8 வானொலி இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. வாரந்தோறும் பதிவு செய்து, வெட்டி ஒட்டி வெளியிடும் நேரத்தில் இன்னும் இரண்டு கிலோ பொடி அரைத்துவிடலாம்.

ஜூரோங் மாலைகட்டி

ஐயா சொல்லும் எண்ணிக்கை சரியானது; ஆனால் அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் சேர்த்த கணக்கு. வேலை அனுமதியில் வந்திருக்கும் தமிழர்கள் அதில் இல்லை. வீட்டில் ஆங்கிலம் பேசிக்கொண்டே இட்லிக்குப் பொடி தொட்டுச் சாப்பிடும் குடும்பங்களும் அதில் இல்லை. மேலும், பொடி விற்கும் அக்காவுக்கு ஒரு லட்சம் பேர் தேவையில்லை. சமையலறையில் ஒருவர் கையால் வறுத்து அரைக்கும் அளவுக்கு வாடிக்கையாளர் கிடைத்தால் போதும். அதற்கு மேல் வந்தால் அவரே மறுக்க வேண்டியிருக்கும்.

ஈசூன் தையல்

நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள். சில காலமாக வலையொலியும் நடத்தி வருகிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் பெண்களும் தொழிலும், குடும்பமும் நேர நிர்வாகமும் போன்ற பொதுவான பொருள்களைப் பேசினேன். பாராட்டு நிறைய வந்தது, தைப்பதற்குத் துணி வரவில்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்தார்கள். அவர்கள் எனக்கு அளவு ரவிக்கையை அனுப்பப் போவதில்லை. வலையொலியைத் தாங்கி வெளியிடும் சேவைகள் எந்த நாட்டில் எவ்வளவு கேட்கப்பட்டது என்பதைக் காட்டும். அதில் சிங்கப்பூர் வரிசை ஒன்றை மட்டும் பாருங்கள். மொத்த எண்ணிக்கை மனத்துக்கு மகிழ்ச்சி தரும், பிழைப்புக்கு உதவாது.

துணியைக் கொண்டுவந்தவை வேறு மாதிரியான அத்தியாயங்கள். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த செய்திகளை ஒன்றாகக் கோத்து, "தைக்கக் கொடுப்பதற்கு முன்" என்று ஒரு பகுதியைப் பதிவு செய்தேன். அளவு ரவிக்கையை எடுத்து வருவதற்கு முன் அது இப்போதும் உடலுக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பருத்தி லைனிங் துணி சுருங்கும் என்பதால் அதை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும், ஆகவே நாளைக்கே வேண்டும் என்று கேட்கக் கூடாது. பட்டுச் சேலையோடு வரும் ரவிக்கைத் துணியை வெட்டுவதற்கு முன் கரை எந்தப் பக்கம் வருகிறது, கைக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். கொக்கி முன்னாலா பின்னாலா, கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இவ்வளவுதான். இப்போது புதிதாக யார் கேட்டாலும் முதலில் அந்த இணைப்பை அனுப்புகிறேன். அதைக் கேட்டுவிட்டு வருபவர் பாதி முடிவோடு வருகிறார், பேரம் பேசுவதும் குறைந்திருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவரிடம் கொடுத்தால் கெட்டுப்போகாது என்ற எண்ணம் அவருக்கு வீட்டிலேயே வந்துவிடுகிறது.

ஆகவே என் கருத்து இது: என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவரை வலையொலி என் வாசலுக்குக் கொண்டுவரவில்லை. யாரோ சொல்லக் கேள்விப்பட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவரை அது முடிவெடுக்க வைக்கிறது. ஆளைத் தேடித் தருவது இன்னமும் வாய்வழிச் சொல்தான்.

பழைய வானொலி நேயர்

அப்படியானால் அதற்கு வலையொலி எதற்கு? வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தியாக அனுப்பினால் போதாதா?

ஈசூன் தையல்

ஐயா, நல்ல கேள்வி. நானும் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதுவும் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். இணைப்பாக இருந்தால் ஒருவர் தம் சகோதரிக்கு அனுப்புகிறார், அவர் மணப்பெண்ணின் தாயாருக்கு அனுப்புகிறார். குரல் செய்தி மறுநாளே மற்றச் செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது.

ஒலிக்கூடம்

தொழில்நுட்பம் பற்றி நான் சொல்கிறேன். மற்றவர்களுக்காக ஒலித் தொகுப்பு செய்து கொடுப்பது என் பகுதிநேர வேலை.

அக்கா, செலவு என்ற அளவில் அஞ்ச வேண்டியதில்லை. தொகுப்பதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஸ்பாட்டிஃபை தன் தளத்தில் இலவசமாகவே பதிவேற்றிக்கொள்ள இடம் தருகிறது; அங்கிருந்து கிடைக்கும் ஆர்எஸ்எஸ் முகவரியை (புதிய அத்தியாயங்களை மற்றத் தளங்களுக்கு அறிவிக்கும் இணைப்பை) ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் ஒருமுறை பதிந்தால், பிறகு வெளியிடும் ஒவ்வோர் அத்தியாயமும் தானாகவே அங்கும் போய்ச் சேரும். கூகல் பாட்காஸ்ட்ஸ் 2024ல் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அதைப் பற்றிப் படித்தால் கடந்து செல்லுங்கள். நம்மவர்கள் பலர் யூடியூப்பில்தான் கேட்கிறார்கள் என்பதால், ஒரே படத்தை வைத்தாவது அங்கும் ஏற்றிவிடுங்கள். முகப்புப் படம் சதுரமாகவும், ஆப்பிள் கேட்பதுபோல் பக்கத்துக்குக் குறைந்தது 1400, அதிகம் 3000 படப்புள்ளிகள் கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் உண்மையான சிக்கல் எதிரொலிதான். கான்கிரீட் சுவரும் ஓட்டுத் தரையும் கொண்ட கூடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த ஒலிவாங்கியை வைத்தாலும் குளியலறையில் பேசுவதுபோலவே பதிவாகும். படுக்கையறையில், உடுப்பு நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, அத்தியாயம் சுருக்கமாக முடியும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்று ஓரமாக இருக்கட்டும். நேரெதிரே வைத்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும்; பொடி, பருப்பு, பெருங்காயம், பக்குவம் என்று பேசப்போகும் உங்களுக்கு இது மிக முக்கியம். பக்கத்து வீட்டில் புதுப்பிப்புப் பணி நடந்தால், இடிப்பதும் துளைப்பதும் வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் அனுமதிக்கப்படுகிறது, ஆகவே மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ பதிவு செய்யலாம். பாய லேபார் விமானத் தளத்திலிருந்து பறக்கும் போர் விமானங்களுக்கு மட்டும் நம்மிடம் மருந்தில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, அது போன பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியதுதான்.

ஒலி அளவை ஆப்பிள் பரிந்துரைக்கும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அருகில் வைத்தால், எம்ஆர்டி ரயிலில் கேட்பவர் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆடாசிட்டியிலேயே அதற்கு ஒரு கருவி இருக்கிறது. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் வரும். பேச்சு மட்டும் என்றால் மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) 64 கேபிபிஎஸ் கூடப் போதும்.

ஈசூன் தையல்

தம்பி, எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லுங்கள். 2023 இறுதியில் எனக்குத் தெரிந்த ஒருவர் தம் நேயர்கள் திடீரென்று விட்டுப் போய்விட்டதாகச் சொல்லி நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்.

ஒலிக்கூடம்

அது பலருக்கும் நேர்ந்தது, அக்கா. 2023 செப்டம்பரில் வந்த ஐஃபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17 பதிப்பில், ஒருவர் கேட்காமல் விட்டிருந்த நிகழ்ச்சிகளின் பழைய அத்தியாயங்களை ஆப்பிள் செயலி தானாகவே பதிவிறக்கிக் குவிப்பதைக் குறைத்தார்கள். அதனால் எண்ணிக்கை சரிந்தது. கேட்பவர்கள் எங்கும் போகவில்லை. பதிவிறக்கம் என்பது கோப்பு போய்ச் சேர்ந்ததைத்தான் சொல்லும். அவர் கேட்டாரா, பாதியில் தூங்கினாரா என்பதைச் சொல்லாது. உங்களைப் போன்ற தொழிலுக்கு எளிய வழி, ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு சொல்லைக் கொடுத்து, ஆர்டர் செய்யும்போது அதைச் சொன்னால் சிறிய பொட்டலம் ஒன்று இலவசம் என்று அறிவிப்பது. எந்த அத்தியாயம் விற்கிறது என்று அடுத்த வாரமே தெரிந்துவிடும்.

பொங்கோல் தாயார்

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கறிவேப்பிலைப் பொடி 200 கிராம் என்ன விலை? பொங்கோலுக்குக் கொண்டு வந்து தருவீர்களா?

நெறியாளர்

விலை விசாரிப்புகளைத் தனிமடலில் வைத்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

பழைய வானொலி நேயர்

பாருங்கள், வலையொலி தொடங்குவதற்கு முன்பே ஓர் ஆர்டர்!

கணக்குப்பிள்ளை

விதிகளைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. வீவகவின் வீட்டிலிருந்து நடத்தும் சிறுதொழில் திட்டத்தின்கீழ் இத்தகைய சமையல், தையல் வேலைகளுக்கு முன்அனுமதி தேவையில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அவ்வீட்டில் குடியிருக்காதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தாருக்கு இரைச்சல், புகை, நெடி ஆகியவற்றால் தொல்லை கொடுக்கக் கூடாது. வீட்டு வாசலிலோ புளோக்கிலோ விளம்பரப் பலகை வைக்கக் கூடாது. பலகை வைக்க முடியாத தொழிலுக்கு இணையத்தில் பேசுவது இயல்பான வழி என்பதால், வலையொலி எண்ணத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒலிப்பதிவில் சொல்லி எல்லாரையும் வரவழைத்து, தாழ்வாரத்தில் வரிசை நிற்க வைத்துவிடாதீர்கள். ஆர்டர் உறுதியான பிறகு முகவரியைத் தனியாக அனுப்புவதுதான் முறை.

உணவைப் பொறுத்தவரை, வீட்டில் செய்து விற்பவர்களுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை என்றாலும், உணவுப் பாதுகாப்புச் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும். வலையொலியில் பேசும்போது நம்மவர்கள் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. கறிவேப்பிலைப் பொடி முடி உதிர்வதை நிறுத்தும், வெந்தயப் பொடி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்றெல்லாம் பேச்சு வேகத்தில் வந்துவிடும். வீட்டில் பாட்டி சொன்னால் அது அனுபவம். விற்பவர் தம் பொருளைப் பற்றிச் சொன்னால் அது விளம்பரம், உணவுப்பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரப்படுத்துவதற்கு அனுமதி இல்லை. எனவே சுவை, மணம், பக்குவம் என்ற எல்லைக்குள் நில்லுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் வணிகப் பெயரைப் பதிய வேண்டியதில்லை. வலையொலிக்கு வைக்கும் அழகான பெயரையே பொடிக்கும் வைத்து விற்றால் நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டும். வேறொருவரின் மசாலாவையோ மிக்ஸியையோ பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு புகழ்ந்தால், அதை நேயர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரங்களைக் கவனிக்கும் ஆணையம் 2016லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் குரலைச் சேர்ப்பதாக இருந்தால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "சரி" என்று எழுதினாலும் போதும், பிற்பாடு பேச்சு வராது.

ஒலிக்கூடம்

தொடக்க இசையாகத் திரைப்பாடலைச் சேர்க்க வேண்டாம் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது விநாடிக்குள் இருந்தால் தவறில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. வீட்டுப் பிள்ளைகளை வைத்துத் திரைப்பாடலை வாசிக்கச் செய்தாலும் மெட்டின் உரிமை அதன் உரிமையாளரிடமே இருக்கும். மிருதங்கத்தில் ஆதி தாளத்தை நாலு சுற்று வாசிக்கச் சொல்லுங்கள், யாரும் உரிமை கேட்க முடியாது.

ஜூரோங் மாலைகட்டி

நான் வேறொரு வழியையும் சொல்ல விரும்புகிறேன். சொந்தமாக வலையொலி நடத்துவதற்கு முன், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வலையொலிகளில் விருந்தினராகப் போங்கள். நான் மாலை கட்டுபவள். இங்குள்ள திருமண ஏற்பாட்டாளர் ஒருவருடைய நிகழ்ச்சியில், மல்லிகை எங்கிருந்து வருகிறது, மாலை மாற்றும் நேரம் வரை வாடாமல் எப்படி வைத்திருப்பது என்று பேசினேன். அவருடைய நேயர்கள் அனைவரும் கல்யாணத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருப்பவர்கள் என்பதால், அந்த ஒரு பேச்சு எனக்கு இன்றும் ஆள் அனுப்புகிறது. ஈசூன் அக்கா சொன்னது அவர் சொந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தும். ஆனால் முன்பின் தெரியாதவரை வலையொலி கொண்டுவராது என்பதை நான் ஏற்கவில்லை. யாருடைய வலையொலி என்பதைப் பொறுத்தது அது.

ஈசூன் தையல்

ஒப்புக்கொள்கிறேன். விருந்தினராகப் போனவரைப் பற்றி நிகழ்ச்சி நடத்துபவர் நல்ல வார்த்தை சொல்கிறார் அல்லவா. அதுவும் வாய்வழிச் சொல்தான். கூடுதலாக ஒன்று சொல்கிறேன்: முடிவே இல்லாமல் வாராவாரம் என்று தொடங்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு ஒரு தொடர் என்று அறிவித்து, முடித்து, ஓய்வெடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் உங்களுக்குப் பேச நேரம் இருக்காது, அடுப்படியில்தான் இருப்பீர்கள். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிடுங்கள்.

செங்காங் சமையற்கட்டு

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஈசூன் அக்கா எழுதியதைப் படித்ததும் என் வாட்ஸ்அப்பைத் திறந்து, வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன். முதலாவது, பொடி எத்தனை நாள் தாங்கும் என்பது. இந்த ஊரின் ஈரக்காற்றில் ஈரக் கரண்டியை ஒருமுறை விட்டாலே கட்டி தட்டிவிடும் என்பதை நான் தினமும் யாருக்காவது எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உள்ள வீட்டினருக்கு அது பெரிய செய்தி. பொட்டலத்தில் ஒரு வரியில் எழுதினாலும் யாரும் படிப்பதில்லை, சொன்னால் கேட்கிறார்கள். மூன்றாவது, ஏன் கடைப் பொடியைவிட விலை கூடுதல் என்பது. இதற்குத் தனியா (கொத்தமல்லி விதை) தொடங்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுப்பதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பருப்பு சிவப்பதற்குள் தனியா கருகிவிடும், கசப்பு வந்துவிடும். வாணலியில் தனியா வெடிக்கத் தொடங்கும்போது வரும் சத்தத்தையும், துவரம்பருப்பு கரண்டியில் உரசும்போது முதலில் மந்தமாகவும் பிறகு கலகலவென்றும் மாறுவதையும் பதிவு செய்யலாம் என்று தோன்றுகிறது. மிளகாய் வறுக்கும்போது மட்டும் என்னால் பேச முடியாது, இருமல்தான் வரும்.

இம்மூன்றையும் முதலில் பதிவு செய்கிறேன். மாலைகட்டித் தங்கையின் யோசனைப்படி, ஆரோக்கிய உணவு பற்றி நிகழ்ச்சி நடத்தும் ஒருவரிடம் விருந்தினராக வரலாமா என்றும் கேட்டிருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயாவின் எச்சரிக்கை நினைவிருக்கிறது, நோயைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். இன்னும் ஒரு சந்தேகம்: தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா? விலையை ஒலிப்பதிவில் சொல்லலாமா?

ஒலிக்கூடம்

இரண்டிலும் வையுங்கள், அக்கா: தலைப்பு தமிழ் எழுத்தில், அதன் பின்னால் இட்லிப் பொடி போன்ற தேடப்படும் பெயர்கள் ஆங்கில எழுத்தில். கைப்பேசியில் தமிழ்ப் பொருளையும் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களே அதிகம். ஆப்பிள் 2024 மார்ச்சில் அத்தியாயங்களின் பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய நான்கு மொழிகளில்தான் தொடங்கியது. எனவே செயலி எழுதிக்கொள்ளும் என்று இருந்துவிடாமல், அத்தியாயத்தில் என்ன பேசினீர்கள் என்பதை விளக்கப் பகுதியில் நீங்களே நாலைந்து வரிகள் எழுதிவிடுங்கள். தேடுபவர் கண்ணில் படுவது அந்த வரிகள்தான்.

கணக்குப்பிள்ளை

விலையையும் ஆர்டர் முடியும் தேதியையும் ஒலிப்பதிவில் சொல்லவே வேண்டாம். பருப்பு விலை ஏறியதும் உங்கள் விலையும் ஏறும்; பழைய அத்தியாயத்தை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்பவர் அந்த விலைக்கே கேட்பார். இரண்டையும் விளக்கப் பகுதியில் எழுதுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒலிக்கூடம் தம்பி சொன்ன இலவசப் பொட்டலத்துக்கும் இதே முறைதான்: எந்த நாள் வரை கிடைக்கும் என்பதை விளக்கப் பகுதியில் குறிப்பிடுங்கள், சொல்லை மட்டும் ஒலிப்பதிவில் கொடுங்கள்.

பழைய வானொலி நேயர்

முதல் அத்தியாயம் வெளியானதும் இணைப்பை இங்கே இடுங்கள், சகோதரி. எனக்கு இட்லிப் பொடி அரைக் கிலோ வேண்டும்; மற்ற விவரங்களை நெறியாளர் கோபித்துக்கொள்வதற்கு முன் தனிமடலில் எழுதுகிறேன்.